மேடைக்குப் பறை வேண்டும், பறைக் கலைஞருக்குக் கூலி வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், சமூகநீதிக்காகக் குரல் கொடுக்கும் கலைஞர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம். தம்பி ஒருவன் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். வீதி நாடகக்காரர்கள், சுவர் ஓவியர்கள், கானா பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள் என்று எல்லோரையும் மரியாதையோடு எழுதியிருந்தீர்கள். எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஒரு பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்கியதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒரு கேள்வியைக் கட்டுரையில் யாரும் கேட்கவில்லை. போராட்ட மேடையிலும் நினைவு நாள் கூட்டத்திலும் வாசிக்கிற இந்தக் கலைஞர்களுக்கு அன்றைக்கு யாராவது சம்பளம் கொடுத்தார்களா? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். எட்டுப் பேர் சேர்ந்த பறைக் குழு எங்களுடையது. நாலு பெண்கள், நாலு ஆண்கள். முழுநேரக் கலைஞர் என்று எங்களில் யாரும் கிடையாது. ஒரு அண்ணன் கொத்தனார், அவர் மனைவி சித்தாள். இன்னொருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கட்டுரையை வாசித்த தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். நானும் இன்னொரு அக்காவும் பூப் பறிக்கப் போகிறோம். எங்கள் ஊர் மல்லிகை நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ஏலத்துக்குப் போகும். மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது, அதனால் இருட்டு விலகும் முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். கூலி கிலோ கணக்கில்தான். வெளியூர் நிகழ்ச்சி முடிந்து ராத்திரி ரெண்டு மணிக்கு வேனிலிருந்து இறங்கினால், சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். தூங்கிவிட்டால் அன்றைய கூலி போச்சு.

அழைப்பு எப்படி வரும் என்று சொல்கிறேன். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள், மே தினம், மார்ச் 8 மகளிர் தினம், டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாள், டிசம்பர் 25 வெண்மணி நினைவு நாள். இது தவிர ஆணவக் கொலையைக் கண்டித்து ஆர்ப்பாட்டம், மலக்குழி மரணத்தைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் என்று வருஷம் முழுக்க இருக்கும். போன் வரும். "தோழர், ஒரு பத்து நிமிஷம்தான். தொடக்கத்தில் பறை முழக்கம் இருந்தால் கூட்டம் சேர்ந்துவிடும்" என்பார்கள். போக்குவரத்து பற்றிக் கேட்டால் "பார்த்துக்கலாம் தோழர்" என்பார்கள். சம்பளம் பற்றிக் கேட்டால் எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம், "நீங்களே இப்படிக் கேட்கலாமா, உணர்வுபூர்வமான நிகழ்ச்சி இது" என்று பதில் வரும்.

அதே நிகழ்ச்சியில் பந்தல்காரருக்கு முன்பணம் போயிருக்கும். மைக் செட்காரர் மீதிப் பணம் வாங்காமல் ஆம்ப்ளிபயரைக் கழற்ற மாட்டார். பிளெக்ஸ் அடித்த கடைக்கு, மண்டப வாடகைக்கு, பேச்சாளரைக் கூட்டி வரும் காருக்கு எல்லாம் கணக்கு உண்டு. அவர்கள் வாங்குவதைத் தப்பு என்று சொல்லவில்லை, உழைத்தவர்கள் வாங்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கு நோட்டில் பறைக் குழு என்று ஒரு வரி ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

பத்து நிமிஷம் என்பதும் பேச்சுக்குத்தான். அழைப்பிதழில் மாலை 5 மணி என்று இருக்கும். நாங்கள் 4 மணிக்கே போய்விடுவோம், பறையைக் காய்ச்ச வேண்டுமே. மூன்று மரத்துண்டு சேர்த்துச் செய்த வட்டச் சட்டத்தில், புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டிய மாட்டுத்தோல் அது. காற்றில் ஈரம் இருந்தால் தொய்ந்துவிடும், அடித்தால் சத்தம் எழாது. காய்ந்த ஓலை, வைக்கோல், கிடைக்காவிட்டால் பழைய பேப்பர், எதையாவது கொளுத்திப் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் தோல் வெடித்துவிடும். விரலால் சுண்டிப் பார்த்தால் டிங்கென்று ஒரு சத்தம் வரும், அதுதான் பதம். சிறப்பு விருந்தினர் 8 மணிக்கு வருவார். அதற்குள் ரெண்டு மூன்று தடவை காய்ச்சியிருப்போம். ஓலையெல்லாம் தீர்ந்து போய், பந்தலுக்குப் பின்னால் குப்பையில் அட்டைப் பெட்டி பொறுக்கிக் கொளுத்திய நாளும் உண்டு. இப்போது பைபர் தோல் வந்துவிட்டது, நெருப்பே வேண்டாம், மழையிலும் அடிக்கலாம். எங்களிடமும் அது இருக்கிறது. ஆனால் தோலில் வருகிற அந்தக் கனத்த சத்தம் அதில் வருவதில்லை. அதனால் கஷ்டப்பட்டாவது தோல் பறையைத்தான் எடுத்துப் போகிறோம்.

விருந்தினர் கார் வந்து நின்றதும், "தோழர், வாசலில் இருந்து அடித்துக்கொண்டே மேடை வரைக்கும் கூட்டி வந்துவிடுங்கள்" என்பார்கள். இது எனக்கு எப்போதும் நெஞ்சில் குத்துகிற விஷயம். ஊர்ப் பெரிய மனிதருக்கு முன்னால் வழிவிடச் சொல்லி அடித்துக்கொண்டு போன பறை இது. அதே வேலையை, அந்த நிலை மாற வேண்டும் என்று பேச வருகிறவருக்கு முன்னாலும் செய்யச் சொன்னால் எப்படி? எங்களை மேடையில் ஏற்றுங்கள், அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்த விருந்தினரும் அதற்குக் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு துண்டு, குழுவுக்கு ஒரு கேடயம். எங்கள் வீட்டில் கேடயம் வைக்க இடமில்லை, பரண் மேல் சாக்கில் கட்டிப் போட்டிருக்கிறோம். பேச்சாளர் எங்கள் கலையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். தொல்காப்பியம் ஐந்திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவையோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது என்பார். உண்மைதான், கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் எங்கள் பெண்கள் இருட்டில் கடைசி பஸ் போய்விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

என் அப்பா சாவுக்கு அடித்தவர். ஊரில் ஒரு உயிர் போனால் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். காய்ச்சல் என்று சொல்ல முடியாது, சொந்த வீட்டில் விசேஷம் என்று சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க அடிக்க வேண்டும், காலையில் பாடைக்கு முன்னால் சுடுகாடு வரைக்கும் அடிக்க வேண்டும். கூலி என்று பேசி வைத்த தொகை எதுவும் கிடையாது. கொஞ்சம் அரிசி, கொஞ்சம் சில்லறை, ஒரு பாட்டில். அறுப்பு முடிந்து களத்தில் போய் நின்றால் கொஞ்சம் நெல். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், இவ்வளவுதானா என்று கேட்கக் கூடாது. அந்தப் பாட்டில்தான் அப்பாவைச் சீக்கிரமே கொண்டு போனது. பறையைத் தொடவே கூடாது என்று அம்மா எங்களிடம் சத்தியம் வாங்கியதும் அதனால்தான்.

அம்மாவைப் போல நினைத்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கு முன்பே கடலூர், சிதம்பரம் பக்கம் எல். இளையபெருமாள் அய்யா, பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டியவர். பறையைக் கீழே போட்டதே பெரிய போராட்டம். அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கினார்கள், வேலை இல்லாமல் போனார்கள். அந்த மறுப்பு இல்லாவிட்டால் இன்றைக்கு நாங்கள் விரும்பிப் பறையைத் தோளில் மாட்ட முடிந்திருக்காது.

அப்புறம்தான் அதைத் திரும்ப எடுத்தவர்கள் வந்தார்கள். எங்கள் திண்டுக்கல்லிலேயே சகோதரி சந்திரா அம்மா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண் பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தது. பொம்பளை பறையைத் தொடலாமா என்று கேட்ட காலம் அது. அந்தப் பிள்ளைகள் காலில் சலங்கை கட்டி, இடது தோளில் பறையை மாட்டி, ஒரே வரிசையில் நின்று அடித்ததை ஊர் ஊராகப் போய்ப் பார்த்த தலைமுறை எங்களுடையது. நான் கற்றுக்கொள்ளப் போனபோது அம்மா பல நாள் பேசவில்லை. மேடையில் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை, சலங்கை வாங்கக் காசு கொடுத்தார். மதுரைப் பக்கம் அலங்காநல்லூரிலிருந்து வந்த வேலு ஆசான் அய்யாவுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்த அன்று எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தோம். ஒரு பறைக் கலைஞருக்கு நாட்டின் விருது என்பது எங்களுக்குச் சாதாரணச் செய்தி இல்லை.

இந்த வரலாற்றை எல்லாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கூலி பேசாமல் கூப்பிட்டதும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ என்றதும்தான் பறை அடிமைத்தனமாக இருந்ததன் நடுவில் இருந்த விஷயம். சாவு வீட்டில் அடிப்பது இழிவு என்று மட்டும் பார்த்தால் போதாது. அடிக்கிறவர் சம்மதம் கேட்கப்படவில்லை, உழைப்புக்கு விலை பேசப்படவில்லை, அதுதான் பெரிய அநியாயம். அந்த அநியாயத்தில் பாதியை மேடையில் கண்டித்துவிட்டு, மறுபாதியை மேடைக்குப் பின்னால் அப்படியே வைத்திருக்கக் கூடாது.

டிசம்பர் 25-ஐ நினைத்துப் பாருங்கள். 1968-ல் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து நிலச்சுவான்தாரின் ஆட்கள் எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள், அதுதான் அவர்கள் செய்தது. அந்த மண்ணுக்கு எங்கள் கைக்காசைப் போட்டுப் போவோம், போய்க்கொண்டுதான் இருக்கிறோம். அதற்குப் பணம் கேட்டால் எங்கள் கையே எங்களைச் சபிக்கும். ஆனால் வெண்மணியின் பெயரில் நகரத்தில் ஏசி மண்டபம் பிடித்துக் கருத்தரங்கம் நடத்தும்போது, வாசிக்க வந்தவருக்குக் கூலி இல்லை என்றால், அந்த 44 பேர் எதற்காகச் செத்தார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

போராடுகிற மக்களிடம் காசு வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று 13 நாள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள், கடைசியில் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சம்பளமே நின்று போய் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சம்பளம் கேட்பவர் கலைஞரே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் அவர்கள் சாப்பிடும் பொட்டலத்தில் பாதியைப் பிரித்துக் கொடுப்பார்கள். எங்கள் பகுதியில் துப்புரவுத் தொழிலாளர் ஆர்ப்பாட்டம் ஒன்றில் வாசித்து முடித்ததும் ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் எடுத்து என் கையில் திணித்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "வேலை செஞ்சா வாங்கணும்டி" என்றார். அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது பெரிய அமைப்புகளுக்குத் தெரியாதா?

நிதி உள்ள அமைப்புகள், அறக்கட்டளைகள், கல்லூரிகள், கட்சிகள், இலக்கிய விழாக்காரர்கள், இவர்களிடம்தான் கேட்கிறேன். நிதி இல்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், போவதா வேண்டாமா என்று நாங்கள் பேசி முடிவு செய்கிறோம். உண்டியல் குலுக்கிக் கட்டடமே கட்டிய இயக்கங்கள் இருக்கிற ஊர் இது. பறை முடிந்ததும் கூட்டத்தில் துண்டு ஏந்தினால் ஜனங்கள் போடுவார்கள். பத்தும் இருபதுமாக விழுகிற காசை வாங்குவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், நல்ல மனிதர், இயக்கத்தில் ஜெயிலுக்குப் போனவர், என்னிடம் சொன்னார்: "காசுக்கு அடித்தால் ஆர்கெஸ்ட்ராவுக்கும் உங்களுக்கும் என்னம்மா வித்தியாசம்?" அவர் மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, அதனால்தான் விரிவாகப் பதில் சொல்கிறேன். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் பறைக் குழுவைத் தேடி வருவார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கம், சாப்பாடு, வண்டி. போன தேர்தலில் நன்றாக அடிக்கக் கூடிய ரெண்டு பேர் எங்களை விட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், இன்னொருவருக்கு வட்டி. அங்கே எந்தக் கொடிக்கு அடிக்கச் சொன்னாலும் அடிக்க வேண்டும், சாதிச் சங்க ஊர்வலம் என்றாலும் அடிக்க வேண்டும். காசு வாங்குவதால் கலைஞர் விலை போய்விடுவார் என்று பெரியவர் பயப்படுகிறார். நான் கண்ணால் பார்த்தது வேறு. நியாயமானவர்கள் கொடுக்காததால்தான் கலைஞர் கொடுக்கிறவர் பக்கம் போக வேண்டி வருகிறது. நியாயத்துக்காக வாசித்தும் ஒரு குடும்பம் அரை வயிறாவது சாப்பிடலாம் என்று இருந்தால் அந்த ரெண்டு பேரும் இன்றைக்கு எங்கள் வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஆபத்தையும் யோசிக்க வேண்டும். 2015 அக்டோபரில், மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடியதற்காகப் பாடகர் கோவனைத் திருச்சியில் விடியும் முன்னே வீட்டுக்கு வந்து கைது செய்தார்கள், தேசத் துரோக வழக்குப் போட்டார்கள். டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத் தொழிலாளர் பகுதியில், 1989 ஜனவரி 1 அன்று வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் இறந்து போனார். அவருக்கு வயது 34. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலொயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் இதைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். இப்போதும் மேடை ஏறும் முன் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

எங்கள் அளவில் வருவது சின்ன ஆபத்துதான், ஆனால் அதையும் தனியாகத்தான் சுமக்கிறோம். ஒரு ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி வாங்கவில்லை என்று வழக்கு வந்தது. அழைத்த அமைப்பு வாங்கியிருக்க வேண்டியது, வாங்கிவிட்டோம் என்று எங்களிடம் சொன்னார்கள். வழக்கில் எங்கள் குழுவில் மூன்று பேர் பெயர். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போனோம், அன்றைக்கெல்லாம் வேலை இல்லை. பேச்சாளர்களுக்கு வழக்கறிஞர் வந்தார், எங்களுக்கு யார் வருவது என்பதே தெளிவில்லாமல் இருந்தது. பாலிடெக்னிக் தம்பிக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்றால் இந்த வழக்கு குறுக்கே நிற்குமா என்று அவன் அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறமும், 2018-ல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழு மேடை ஏறிய பிறகும், நகரத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பறை கற்றுக்கொள்ள ஆசையாக வருகிறார்கள். சாதி பார்க்காமல் வருகிறார்கள், அதை முழு மனதோடு வரவேற்கிறேன். வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் நல்ல கட்டணத்தில் நடக்கின்றன. ஆனால் சாமிச்சாட்டு, சப்பரத்தடி, ஒத்தையடி, மாரடி என்று அத்தனை அடியையும் கையில் வைத்திருக்கிற கிழவர்கள் எங்கள் சேரிகளில் கட்டிலில் கிடக்கிறார்கள். வகுப்பு நடத்துகிறவர்கள் அவர்களைத் தேடி வந்து ஒரு நாள் உட்காரவைத்துச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஒரு நாளுக்கும் கூலி உண்டு என்று அவர்கள் நினைப்பதில்லை. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டை வைத்திருக்கும் கிழவர்களும் உண்டு, அதில் வருகிற உதவி மருந்துக்கே பற்றாது.

ஆகவே, அடுத்த நிகழ்ச்சிக்குத் திட்டம் போடும்போது மைக் செட்டுக்கு எழுதுகிற அதே தாளில் கலைஞர்களுக்கும் எழுதுங்கள். அழைப்பிதழில் "பறை முழக்கம்" என்று மட்டும் போடாமல் குழுவின் பெயரையும் பறை கற்றுக்கொடுத்த ஆசிரியரின் பெயரையும் போடுங்கள். ராத்திரி பெண்களை வீடு வரை கொண்டுவந்து விடும் வண்டிக்கு யார் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லுங்கள். விருந்தினர் சாப்பிடும் பந்தியில் எங்களுக்கும் இலை போடுங்கள். வழக்கு வந்தால் பேச்சாளருக்கு வருகிற வழக்கறிஞரே எங்களுக்கும் வரட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. இனிமேல் இதுபோன்ற கட்டுரைகளுக்கு நிருபர் வரும்போது, உங்களுக்கு எது உந்துதல் என்று கேட்பதோடு, இன்றைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். அழைத்தவர்களிடமும் அதையே கேட்கச் சொல்லுங்கள். பத்திரிகையில் அச்சாகிவிடும் என்றால் பல பேர் கணக்கில் அந்த வரி தானாக ஏறிவிடும்.

ஏப்ரல் 14-க்கான அழைப்புகள் மார்ச் முதல் வாரத்திலேயே வரத் தொடங்கிவிடும். சித்திரைத் திருவிழாக்களும் அதே சமயம் வருவதால் அந்த மாதம்தான் எங்களுக்கு இழுபறி அதிகம். அதற்குள் இந்தக் கடிதம் வெளிவந்தால் எங்களைப் போன்ற குழுக்கள் பேசுவதற்கு வசதியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
குழுவில் உள்ள எட்டுப் பேர் சார்பாக,
பறை இசைக் கலைஞர் ஒருவர்,
நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.